பாரம் கூடின நாளின் பாட்டு

மணவாளக்குறிச்சி
ஜூலை 6

அன்பு மக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் ரெண்டு வரி தட்டிவிட்டுப் போகாமல் நாலு பக்கம் பேனா பிடித்து எழுதியிருக்கிறாய், கொள்ளாம். கையெழுத்துதான் காலேஜ் காலத்தைவிடக் கெட்டுப்போயிருக்கிறது. மூணாம் பக்கத்தில் நீ சொல்லியிருப்பது முதுகுவலியா முழங்கால்வலியா என்று எனக்கும் வீட்டுக்காரிக்கும் வழக்கு. முழங்கால் என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எதுவானாலும் கோயம்புத்தூரில் டாக்டருக்கா பஞ்சம்? வீடியோ பார்த்துத் தைலம் காய்ச்சிக்கொண்டிருக்காதே.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேற்குக் கடலில் ஜூலை 31 வரை தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. கடல் கொஞ்சம் அடங்கின நாளில் வள்ளக்காரர்கள் போய் நெத்திலி கொண்டுவருகிறார்கள். கடியப்பட்டணத்தில் இராயப்பர் சின்னப்பர் திருவிழா முடிந்தது. உன் தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் உன்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், நேரில் கேட்டுக்கொள். சின்னவனுக்கு துபாயில் கம்பெனி மாறியாச்சு. என் சர்க்கரை அளவைக் கேட்காதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பேத்தி பள்ளிக்கூட விழாவில் 'மைக்கேல், ரோ த போட் அஷோர்' என்ற இங்கிலீஷ் பாட்டைப் பாடியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த நீயும் ஐம்பது வருஷத்துக்கு முந்தின குரலில் சேர்ந்து பாடியிருக்கிறாய். "இது யாரு பாட்டு தாத்தா?" என்று அவள் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஹைவேமென் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவின் பேரைச் சொல்லிவிட்டாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்காட் காலேஜ் காலத்தில் கேம்ப் ராத்திரிகளில் நீ கிட்டாரோடு உட்கார்ந்து அதைப் பாடும்போது நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நல்ல சட்டை போட்ட ஐந்து வெள்ளைக்காரப் பையன்கள் அல்லேலூயா போட்டுப் பாடினது, எங்கள் பாமாலை மாதிரி ஒரு சபைப் பாட்டு, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு நேரம் நிறைய, இணையத்தில் பழைய புத்தகங்களும் நிறைய. அதனால் கேட்டுக்கோ.

அது அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் படகு வலித்துப் பாடின பாட்டு. அமெரிக்காவில் தென் கரோலினா கரையை ஒட்டி செயின்ட் ஹெலினா என்று ஒரு தீவு. பருத்தித் தோட்டங்கள். 1861 நவம்பரில், உள்நாட்டுப் போர் நடக்கும்போது, வடக்குக் கடற்படை போர்ட் ராயலைப் பிடித்ததும் தோட்ட முதலாளிகள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அந்தத் தீவுகளில் ஏறக்குறைய 10,000 அடிமைகள் அப்படியே நின்றுபோனார்கள். அவர்களுக்குப் படிப்புச் சொல்லவும் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளவும் வடக்கேயிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் சார்லஸ் பிக்கார்ட் வேர். ஆள் வந்த வேலை தோட்டக் கண்காணிப்பு, செய்தது பாட்டு எழுதி வைத்தது. அவரும் வில்லியம் ஆலன், லூசி மக்கிம் காரிசன் என்ற இருவரும் சேர்ந்து 136 பாட்டுகளை இசைக்குறிப்போடு 1867ல் நியூயார்க்கில் புத்தகமாகப் போட்டார்கள். 'மைக்கேல்' அதில்தான் முதல்முதலாக அச்சேறியது.

அந்த மைக்கேல் வேறு யாருமில்லை, உங்கள் மிக்கேல் சம்மனசுதான், அந்தத் தேவதூதர். ஆத்துமாவை யோர்தான் ஆற்றைக் கடத்தி அக்கரை சேர்க்கிற வள்ளக்காரன். துடுப்பு வலிக்கிறவர்கள் சம்மனசையே வள்ளத்தில் ஏற்றி, நீ வலி என்று சொல்லிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள். எக்காளம் ஊதுவது பணக்காரனுக்கும் ஏழைக்கும், யூபிலிக்கும் என்று சில அடிகள் பக்கத்துத் தீவான ஹில்டன் ஹெட்டில் பாடியிருக்கிறார்கள். யூபிலி என்றால் அடிமை விடுதலையாகிற வருஷம் என்று வேதத்தில் இருப்பது உனக்குத் தெரியும். முதலாளி ஓடிப்போன தீவில் நின்று அதைப் பாடினால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டாம்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது இதெல்லாம் இல்லை. வேர் எழுதி வைத்த ஒரு சின்னக் குறிப்பு. ஒரு வலிப்புக்கு, அதாவது துடுப்பை ஒரு தரம் இழுப்பதற்கு, பாட்டில் ரெண்டு தாளக்கட்டு போகும் என்கிறார். முதலாவதன் அழுத்தம் துடுப்பு தண்ணீரில் விழும்போது. ரெண்டாவதன் அழுத்தம் துடுப்பு அதன் தாங்கியில் கடகட என்று தட்டும்போது. பயணிகள் படகில் நிமிஷத்துக்கு 16 முதல் 30 வலிப்பு வரைக்கும் போவார்கள், சராசரி 24 என்று எண்ணியே வைத்திருக்கிறார். உற்சாகமாகப் போகிற பாட்டுகள் இன்னின்னது என்று தனியே ஒரு பட்டியல். பாரம் அதிகமாக இருக்கும்போதோ நீரோட்டம் எதிர்த்து வரும்போதோ எடுக்கிற பாட்டுகள் என்று மூன்றை மட்டும் தள்ளி வைக்கிறார். அந்த மூன்றில் ஒன்று 'மைக்கேல்'.

நாம் கேம்பில் தீயைச் சுற்றி உட்கார்ந்து, கண் சொருக, ஆடி ஆடிப் பாடினோமே, அந்தப் பாட்டின் மெதுவுக்குக் காரணம் கை ஓய்ந்துபோனது. எதிர் நீரில் வள்ளம் நகரவில்லை, அதனால் பாட்டும் நகரவில்லை. ஹைவேமென் அதை மெதுவாகப் பாடினார்கள், சீட்டியடித்துத் தொடங்கினார்கள், உலகம் அதைத் தாலாட்டாகக் கேட்டது. வேகம் சரிதான். பாரம்தான் இறங்கிப்போயிற்று.

அது ஹிட் ஆனதும் யாரும் நினைத்துப் பார்க்காத கதை. புத்தகத்துக்குள் வெகுகாலம் கிடந்த பாட்டை 1954ல் டோனி சலேட்டன் என்ற பாடகர் எடுத்துப் பாடினார். அவரிடமிருந்து பீட் சீகர், அங்கிருந்து மற்றவர்கள். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஐந்து பேர், அவர்கள்தான் ஹைவேமென், 1960ல் ரெக்கார்டு போட்டார்கள். முதல் பக்கத்துப் பாட்டு 'சாந்தியானோ' என்ற கப்பல் பாட்டு. 'மைக்கேல்' பின்பக்கம். வூஸ்டர் என்ற ஊரில் வானொலிக்காரர் ஒருவர் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார். 1961 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம், நவம்பரில் இங்கிலாந்திலும் முதலிடம். லோனி டோனகன் என்பவர் பாடினதும் அதே வருஷம் அங்கே பட்டியலில் ஏறியது. பையன்களில் ஒருவர் பின்னால் பெரிய நீதிபதியே ஆனார். ஜானி கேஷும் வில்லி நெல்சனும் சேர்ந்த குழு இதே பெயரை வைத்துக்கொண்டதற்கு 1990ல் இவர்கள் கேஸ் போட்டு, கடைசியில் சமாதானமாகி ஒரே மேடையில் பாடினார்களாம். ரெக்கார்டில் பாட்டுக்கு உரியவர் என்று போட்டிருப்பது ஐவரில் ஒருவரான டேவ் ஃபிஷரின் பெயர். பழைய பாட்டை ரெக்கார்டுக்கு ஏற்றபடி அமைத்தவர் அவர்தான், அது நியாயம். வலித்தவர்களுக்குத்தான் பெயரே இல்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். பழைய புத்தகத்தில் சகோதரியைக் கூப்பிட்டு வள்ளத்தைச் சாயாமல் சரிபண்ணச் சொல்லுவார்கள். ரெக்கார்டில் அது பாயைச் சரிபண்ணச் சொல்லுவதாக மாறிவிட்டது. தண்டு வலிக்கிறவனுக்குப் பாய் எதுக்கு என்று உன் அப்பா இருந்தால் கேட்டிருப்பார். பையன்கள் கரையில் நின்று பாடினவர்கள், விட்டுவிடு.

நம்மூர்க்காரர்கள் மட்டும் குறைச்சலா? எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டில் போனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' இல்லாத கல்யாண வீடு உண்டா? ஜமைக்காவில் மெலோடியன்ஸ் 1970ல் பாடினது, 1978ல் போனி எம் பாடி இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம். அது 137ஆம் சங்கீதம், சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற பாட்டு. நாம் அதற்குப் பந்தியில் பப்படம் விளம்பினோம்.

இதை எல்லாம் வாசித்த பிறகு உங்கள் கரமடி, கரையில் நின்று இழுக்கிற அந்த வலை, ஞாபகம் வராமல் இருக்குமா? கரையில் ரெண்டு கயிறு, ரெண்டு பக்கமும் ஆட்கள், மடி மெள்ள மெள்ள உள்ளே வரும். ஒருத்தர் அம்பா, அதுதான் வலை இழுக்கிற பாட்டு, போடுவார், மற்றவர்கள் ஏலேலோ எடுப்பார்கள். சி.எஸ்.ஐ. வீட்டுப் பையனான எனக்கு அது பக்திப் பாட்டென்றே அன்றைக்குத் தெரியாது. மாதாவும் அந்தோணியாரும் சவேரியாரும் அதில் வரிசையாக வந்துபோவார்கள், நடுவில் ஊர்க் கேலியும் வரும். சவேரியார் 1544ல் இந்தக் கரையில் நடந்தார். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் கடிதத்திலேயே இருக்கிறது. மணியடித்துக் கூப்பிட்டு ஜெபங்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தவர். அந்த ஜெபம் கயிறு பிடித்த கைக்கு இறங்கி வர எத்தனை தலைமுறை ஆயிற்றோ. செயின்ட் ஹெலினாவிலும் இதேதான், கோயிலில் கேட்டதை வள்ளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வேலைக்கு ஒரு பாட்டு, சாமிக்கு ஒரு பாட்டு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதி இல்லை.

அதனால் போன மாதம் உங்கள் தெரு மூப்பரைப் பார்க்கப் போனேன். அம்பா போடுவதில் பேர்போன மனுஷன், இப்போது எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் நாற்காலி போட்டு, சாயா கொடுத்து, போனில் ரெக்கார்டிங்கை அழுத்தினேன். முதல் அடி வந்தது. ரெண்டாவது அடி வரவில்லை. ஒரு அந்தோணியார் பேர் சொன்னார், மறுபடி முதல் அடிக்கே போனார். வயசாகிவிட்டது, மறந்துபோயிற்று என்று மருமகள் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழும்பிப் போய் முற்றத்துத் தென்னையில் கட்டியிருந்த துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து ஒரு முனையைப் பிடித்து, "மறுமுனையைப் பிடிச்சு வலியும் சாரே" என்றார். வலித்தேன். அவர் எதிர்த்து வலித்தார். வந்தது பார் பாட்டு! பேரனைக் கூப்பிட்டு என் பக்கம் நிறுத்தினார். நான் தளர்த்தினால் பாட்டை ஓட்டுகிறார், நாங்கள் ரெண்டு பேரும் இறுக்கினால் நீட்டுகிறார், ஒரே அடியை மூணு தரம் திருப்பிச் சொல்லுகிறார். மறதி ஒன்றுமில்லை. பாட்டு அவருக்கு ஞாபகத்தில் இல்லை, தோளில் இருக்கிறது.

ரெக்கார்டிங் கேட்டால் பாதி என் மூச்சிரைப்பு. மீதி பேரன் சிரிப்பு.

வேர் எண்ணி எழுதினது ஏன் பெரிய காரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சொல்லை மட்டும் எழுதியிருந்தால் 'மைக்கேல்' இன்னொரு ஞானப்பாட்டு. அவர் வள்ளத்தில் உட்கார்ந்து வலிப்பை எண்ணினார். அப்படியும், அந்தக் குரல்களின் நிழலைத்தான் தாளில் இறக்க முடிந்தது என்று முன்னுரையில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அம்பாவைச் சொல்லாக எழுதிவைத்தவர்கள் உண்டு, அவர்களுக்கு நன்றி. எத்தனை பேர் வலித்தார்கள், மடி எவ்வளவு தூரத்தில் இருந்தபோது எந்த அடி, மீன் பாரம் தெரிந்ததும் பாட்டு எப்படி மாறிற்று, அலை அடிக்கிற நேரம் எங்கே நிறுத்தினார்கள் — இதை யாராவது பக்கத்தில் நின்று குறித்தார்களா? வள்ளத்தில் மாட்டுகிற இன்ஜினும் விசைப்படகும் வந்த பிறகு கரமடி இழுக்கிற இடமே குறைந்துபோயிற்று. இன்ஜினைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இழுத்துத் தேய்ந்த உள்ளங்கையை உன் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன், அந்தக் கையால் அவர் உன்னைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று காலேஜுக்கு அனுப்பினதையும் பார்த்திருக்கிறேன். பாட்டு வேண்டும் என்பதற்காகப் பாரத்தைத் திரும்பக் கேட்கிற ஆள் நான் இல்லை.

எங்காவது ஒரு பையன் நம் அம்பாவை எடுத்து டிரம் அடித்து லண்டனில் ஹிட் ஆக்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான். பாயைச் சேர்த்துக்கொள்ளட்டும், சீட்டியும் அடிக்கட்டும். அடியில் ஒரு ஒழுங்கான குறிப்பு இருந்தால் போதும், நூறு வருஷம் கழித்து யாராவது என்னைப்போல வேலையில்லாத வாத்தியார் தேடிப் பிடித்துக்கொள்வான்.

குறிப்பு எழுத என்னால் ஆகாது. எனக்குத் தாளம் பிடிபடாது, சபைக் குவாயரில் என்னை எங்கே நிறுத்துவார்கள் என்று உனக்குத் தெரியும். உனக்கு ஸ்வரமும் தெரியும், ஸ்டாஃப் நொட்டேஷனும் தெரியும், கயிறும் தெரியும். மூணும் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் நீ ஒருத்தன்தான், நீயோ கோயம்புத்தூரில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். தடைக்காலம் முடியுமுன் வா. இப்போதானால் பையன்கள் கரையில் சும்மா இருக்கிறார்கள், கயிறு பிடிக்க ஆள் கிடைக்கும். ஆகஸ்ட் பிறந்தால் ஒருத்தனும் நிற்க மாட்டான். பக்கத்தில் ஒரு கரமடிக்காரரிடம் பேசிவைத்திருக்கிறேன், ஒரு காலை வலையை வளைத்துத் தருவார். மூப்பரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மணலில் உட்காரவைப்பதாகப் பேரன் சொல்லியிருக்கிறான். உட்கார மாட்டார் என்பது என் கணிப்பு.

கிட்டார் வேண்டாம். கொண்டுவந்தால் நீ அதிலேயே இருப்பாய். பேத்திக்கு லீவு இருந்தால் கூட்டி வா, எண்ணுகிற வேலையை அவளுக்குக் கொடுக்கலாம்.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லு, இதற்குக் கடிதம் வேண்டாம், போன் போதும். மரச்சீனி பிடுங்க ஆளிடம் சொல்லவேண்டும், நெத்திலி அவியலுக்கு மாங்காய் இப்போதே தட்டுப்பாடு.

உன் கூட்டுக்காரன்