ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு உசிலம்பட்டியிலேயே சிகிச்சை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. குறைபாடு ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. ஆனால் மதுரை கே.கே.நகரில் மருத்துவரிடம் போகும் அதே பிள்ளை, உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் 'சேட்டைக்காரன்' என்று அடிதான் வாங்குகிறான். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது 6 மாதங்கள் நீடித்தால்தான் இக்குறைபாடு உறுதி செய்யப்படும் என்பதால், ஆசிரியர் சொல்லும் விவரம் மிக முக்கியம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் பெற்றோருடன் ஊர் மாறும் பிள்ளையைப் பற்றி எந்த ஆசிரியர் எழுதித் தருவார்?

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இக்குறைபாடும் உள்ளது. ஆனால் பள்ளிக்கு வரும் குழு கண்ணையும் பல்லையும் பார்த்து முடிப்பதற்குள் மணியடித்துவிடுகிறது. கண்டறிந்து அனுப்பினாலும், வாராவாரம் பயிற்சிக்கு மதுரைக்கு வரச் சொன்னால், பூப்பறிக்கப் போகும் தாய் அன்றைய கூலியை இழந்து, அடங்காத பிள்ளையோடு நெரிசலான பேருந்தில் ஏற வேண்டும். சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். அதை அக்கறையின்மை என்பது அநியாயம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆகவே இது மட்டும் உள்ள பிள்ளைக்குச் சான்றிதழும் சலுகையும் பெறுவது கடினம்.

சட்டம் மாறும்வரை, உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கு மாதம் இரண்டு சனிக்கிழமைகளிலாவது மனநல மருத்துவரும் பயிற்சியாளரும் வர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி