பெட்டி மட்டுமல்ல, கம்பியும் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆபத்தான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சி (ஷாக்) கொடுத்துச் சீராக்க உடலில் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் (ஐ.சி.டி.) பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடு நின்றுவிட்டது. பேட்டரி தீரப்போவது மாதக்கணக்கில் முன்னதாகவே தெரிந்துவிடும்; பேட்டரி இருக்கும் பெட்டியை மாற்றிவிடலாம். தொல்லை தருவது, பெட்டியிலிருந்து சிரை வழியாக இதயத்தின் வலது கீழறைக்குப் போகும் 'லீட்' என்ற கம்பி. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் அது வளைகிறது. காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கவும் செய்யும். அந்த இடுக்கைத் தவிர்க்கத்தான் பல மருத்துவர்கள் செஃபாலிக் (கை) அல்லது ஆக்சிலரி (அக்குள்) சிரை வழியாக லீடைச் செலுத்துகிறார்கள்.

கம்பி மெலிந்தால் நல்லது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற மெல்லிய லீட் 2004இல் வந்தது. உள்ளிருக்கும் கடத்திகள் (மின்சாரம் பாயும் இழைகள்) முறிந்ததால் 2007 அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 2,68,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. செயின்ட் ஜூட் நிறுவனத்தின் ரியாட்டா லீடில் பழுது வேறு விதம்: கடத்திகள் சிலிகான் உறையை உள்ளிருந்தே தேய்த்து அறுத்து வெளியே வந்தன. எக்ஸ்ரேயில் கம்பி பிதுங்கித் தெரிந்தும் மின் அளவுகள் சரியாக இருந்தவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் பழுதான லீடுகளும் உண்டு.

கடத்தி முறிந்தால் என்ன ஆகும்? முறிந்த முனைகள் உரசும்போது எழும் மின் இரைச்சலைக் கருவி இதயத் துடிப்பென்று எண்ணிக்கொள்கிறது. 'கீழறை நடுக்கம்' (உயிர் பறிக்கும் தாறுமாறான துடிப்பு) என்று முடிவுகட்டி, முழு நினைவோடு இருப்பவருக்கு 35 ஜூல் அளவில் ஷாக் கொடுக்கிறது, சில வேளை அடுத்தடுத்து. பேஸிங்கை (துடிப்பு குறைந்தால் கருவி சிறு மின்தூண்டல் தருவதை) நம்பி வாழ்பவருக்கோ, துடிப்பு இருப்பதாக எண்ணிப் பேஸிங்கை நிறுத்திவிடும், மயக்கம் வரும். ஷாக் செல்லும் கடத்தியே பழுதானால் இன்னும் மோசம்: உயிர் காக்க வேண்டிய நேரத்தில் ஷாக் போய்ச் சேராது.

பரிசோதனைத் தாளில் 'அளவு வரம்புக்குள்' என்றிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவது தவறு. 500 ஓம் அளவிலேயே இருந்துவந்த பேஸிங் மின்தடை திடீரென 1,500க்கு ஏறினால், வரம்பு 3,000 என்றாலும் அது முறிவின் அறிகுறி. சட்டென இறங்கினால் உறை கிழிந்திருக்கலாம். துடிப்புகளுக்கு இடையே 140 மில்லி விநாடிக்கும் குறைந்த இடைவெளிகள் அடிக்கடி பதிவாவதும் எச்சரிக்கை; எந்த இதயமும் அப்படித் தொடர்ந்து துடிக்காது. ஆனால் பொருத்திய சில நாள், சில வாரங்களில் இவை தெரிந்தால், கம்பியைக் குறை சொல்லுமுன் பெட்டியின் இணைப்புத் திருகு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நோயாளியின் அட்டையில் பெட்டியின் மாடல் எண்ணோடு லீடின் மாடல் எண்ணும் இருக்க வேண்டும்; திரும்பப் பெறும் அறிவிப்புகள் அந்த எண்ணைக் கொண்டே வருகின்றன. ஐ.சி.டி.யின் பதிவுகளை வீட்டிலிருந்தே மருத்துவமனைக்கு அனுப்பும் தொலைக் கண்காணிப்புக் கருவியின் மின் இணைப்பைப் பிடுங்கக் கூடாது. ஒரு ஷாக் வந்து உடம்பு சரியாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்கலாம். 24 மணி நேரத்தில் இரண்டு வந்தாலோ மயக்கம், மார்வலி இருந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அறிவிப்பு வந்தவுடன் எல்லா லீடையும் உருவி எடுக்கச் சொல்வதும் சரியல்ல. ஆண்டுகள் ஆக ஆகக் கம்பி சிரைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. உருவும்போது, இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய லீடை அப்படியே விட்டுப் புதியதைச் சேர்ப்பதா, எடுத்துவிடுவதா என்பதைப் பெட்டி மாற்றும் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்வது நல்லது.

இப்படிக்கு,
இதயக் கருவிப் பரிசோதனைத் தொழில்நுட்பர்