வரும் மாதம் பணம் அனுப்ப வேண்டாம்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பணம் மாதம் பிறந்த அன்றே வங்கிக்கு வந்து சேர்ந்தது. சம்பளம் எடுத்ததும் முதலில் வீட்டைத்தான் நினைக்கிறாய் என்று அம்மா அயலெல்லாம் சொல்லித் திரிகிறார். எனக்கும் அந்தப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் அறை வாடகையும் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுத்த பிறகு இவ்வளவு தொகை எப்படி மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கு ஒத்துவரவில்லை. காலையில் சாப்பிடுகிறாயா? வெறும் தேநீருடன் வேலைக்குப் போகாதே.

விலைவாசி இறங்கிவிட்டது, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தொலைபேசியில் சொன்னாய். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்ததும், அடுத்த ஆண்டிலேயே அது ஒற்றை இலக்கத்துக்கு வந்ததும் உண்மைதான். ஆனால் குறைந்தது விலை ஏறும் வேகமே தவிர, ஏறிய விலை அல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோது எத்தனை படகுகள் கரையிலேயே கிடந்தன என்பது உனக்கு நினைவிருக்கும். பிறகு எண்ணெய் இறங்கியும் மீன் பழைய விலைக்கு வரவில்லை. இதை அறிந்த என்னிடம் குறையில்லை என்று சொல்லாதே.

இங்கே எங்கள் பாடு நடக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்த கையோடு தம்பலகாமத்தில் நெல் வாங்கி அவித்துக் குத்துவித்ததால் அரிசிக்குக் கடைக்குப் போவதில்லை. விலைமீனை விட்டு மலிவான சூடை மீன் வாங்குகிறோம். மின்மானியை மாத நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம் விழும். நீயும் செலவை அன்றன்றே கொப்பியில் எழுது. காலைச் சாப்பாட்டை மட்டும் அதில் வெட்டாதே.

கைத்தொலைபேசியில் சில நிமிடங்களில் கடன் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் யாராவது அவசரத்துக்கு நகையை அடைவு வைத்திருந்தால், தவணை தவற விடாமல் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்கச் சொல். தவணை தப்பினால் ஏலத்துக்குப் போய்விடும். பவுன் விற்கும் விலையில், போன காப்பை இனிச் செய்விக்க முடியுமா? அதிலும் அப்பாச்சியின் கையில் கிடந்ததை எந்தத் தட்டார் செய்து தருவார்?

ஆடி அமாவாசைக்கு வந்திருந்தபோது நீ முழுக்கைச் சட்டையே போட்டுக்கொண்டிருந்தாய். தீர்த்தத்துக்குப் போன அந்த வெயிலிலும் கையை மடித்துவிடவில்லை. அம்மா கேட்டபோது, கொழும்புப் பழக்கமாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அவர் அதை நம்பினாரா என்பது தெரியாது. வீட்டின் வரவு செலவை உனக்கு நாங்கள் ஒருநாளும் ஒளித்ததில்லை. நீ எங்களிடம் ஒளிப்பது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. உன் மேல் கோபம் துளியும் இல்லை.

ஆகையால் வரும் மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அதற்கடுத்த மாதமும் வேண்டாம். என் ஓய்வூதியத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம். அந்தத் தொகையைக் கொண்டு மீட்க வேண்டியது எதுவோ அதை முதலில் மீட்கட்டும், அந்தப் பிள்ளை. அவருடைய அடைவுத் துண்டில் உள்ள திகதியையும் தொகையையும் எனக்கு எழுதி அனுப்பு. காசு போதாவிட்டால் கார்த்திகையில் என் சீட்டை எடுத்துத் தருகிறேன். அதுவரை வட்டியைக் கட்டச் சொல். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. பதிலை என் பெயருக்கே போடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா