சேலத்துக்காரர் போட்ட மனு

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
மும்பை.

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் அடுப்படிக்கே போய் உன் தங்கச்சியிடம் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. வெளியே தலைகாட்ட முடியாத நாளில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பேத்தி சட்டக் கல்லூரியில் சேர்ந்ததை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பேன். 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்பதை நீ 'உரிமைகள் மசோதா' என்று சொல்லப்போக, "அப்போ அது இன்னும் சட்டமாகலையா தாத்தா?" என்று கேட்டாளாமே! நல்ல கேள்வி. ஃபோர்ட்டில் வக்கீல் ஆபீசில் 30 வருஷம் டைப் அடித்த எனக்கும் அந்த வார்த்தை வெகுநாள் பிடிபடவில்லை.

பழைய ஆங்கிலத்தில் பில் என்றால் முத்திரை வைத்து எழுதிய தாள், பட்டியல். ஹோட்டல் பில்லும் அந்த வழியில் வந்ததுதான். 1689-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கொண்டுவந்தது அப்போதே சட்டமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1791-ல் அரசியலமைப்போடு சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்களுக்கு அதே பெயர். அதனால் அவளிடம் 'உரிமைப் பட்டியல்' என்று சொல். 'உரிமைச் சாசனம்' என்றும் எழுதுகிறார்கள். சாசனம் என்றால் எனக்குக் கோயில் கல்வெட்டில் ராஜா நிலம் எழுதி வைத்ததுதான் ஞாபகம் வருகிறது. இங்கே யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் முதல் திருத்தத்தைப் பார். உனக்குப் பேச்சுரிமை தருகிறோம் என்று அதில் இல்லை. பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ், அதாவது அவர்கள் பாராளுமன்றம், இயற்றக்கூடாது என்று இருக்கிறது. உரிமை முன்னமே உன்னிடம் இருக்கிறது, கட்டுப்போடுவது அரசாங்கத்தின் கைக்கு. நம் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் 13-ஆம் பிரிவும் அதைத்தான் செய்கிறது: அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது.

அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் எழுதவில்லை என்பதற்காக மக்களுக்கு வேறு உரிமை கிடையாது என்று ஆகிவிடாது என்கிறது. நம்முடையதில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனாலும் எழுதாத ஒன்று உள்ளே வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் நம்ம பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார்.

சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. மழை பொய்த்து 1961-ல் பம்பாய்க்கு வந்து ஒரு கம்பெனியில் 23 ரூபாய் தினக்கூலிக்குச் சேர்ந்தார். நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கட்டிய கூரைக்கு ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கினான். மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு அங்கேதான் குடித்தனம். 1981 ஜூலையில், கொட்டுகிற மழையில், மாநகராட்சி ஆட்கள் கூரையைப் பிரித்துப் போட்டுக் குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் ஒண்டினார். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

1985 ஜூலை 10-ல் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு. 21-ஆம் பிரிவில் 'உயிர்', 'தனிமனித சுதந்திரம்' என்றுதான் இருக்கிறது, பிழைப்பு என்ற சொல்லே கிடையாது. பிழைப்பைப் பறித்துவிட்டால் உயிர் எப்படித் தங்கும் என்று கேட்டு, பிழைப்புரிமையும் அந்த உயிருக்குள் அடக்கம் என்றார்கள். இதை நான் முதலில் படித்தபோது டைப்ரைட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாமும் பிழைக்க வந்தவர்கள்தானே மாப்ளே.

முழுசும் ஜெயித்தார்கள் என்று பேத்தியிடம் சொல்லிவிடாதே. நடைபாதையை அடைத்துக் குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை, அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் வழக்கமாக நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் சொல்வதையும் கேட்ட பிறகுதான். மழைக்காலம் முடியும் வரை, அக்டோபர் 31 வரை, கைவைக்கக்கூடாது. 1976 கணக்கெடுப்பு அட்டை வைத்திருந்தவர்களுக்கு மாற்று இடம். இவ்வளவு போதாது என்பதே இன்றும் என் எண்ணம்.

எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தேனல்லவா? போன மாதம் பில்டர் தரப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. தலைப்பு 'குடியிருப்போர் உரிமைகள்'. இரண்டு பக்கமும் உரிமைதான். மீறினால் யாரிடம் போவது என்று ஒரு வரி இல்லை. அதை எழுதிச் சேர்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொசைட்டி கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள், பரவாயில்லை. 32-ஆம் பிரிவு எதற்கு என்று நினைக்கிறாய்? அடிப்படை உரிமையைப் பறித்தால் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம். அது இல்லாவிட்டால் அரசியலமைப்பே வெறுமையாகிவிடும், அதுதான் அதன் ஆன்மா, இதயம் என்று 1948 டிசம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். அவர் வீடு இங்கே பக்கத்தில், தாதர் இந்து காலனியில்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

தீர்ப்பின் முதல் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பேத்தியை அதையே முதலில் படிக்கச் சொல். சட்டம் வருவதற்கு முன்னால் அந்த மூன்று பிள்ளைகளின் வயது வருகிறது: 16, 13, 5.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்