ஆளை மாற்றும் முன்: நிறுவனங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

தவறு ஒன்று வெளியே தெரிந்ததும் உங்கள் அறையில் எழும் முதல் கேள்வி, "யார் செய்தது?" பெயர் கிடைக்கும், மெமோ போகும், ஆள் மாறுவார். கொஞ்ச நாளில் அதே இருக்கைக்கு வந்த புதியவரும் அதையே செய்வார். அப்போதும் ஆளைத்தான் தேடுகிறீர்கள். அந்த இருக்கை அவரை என்ன செய்தது என்றும் விசாரியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. சொல்லாமல் வேலைக்கு வராதவர்கள் ஏராளம். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. தரமும் மோசம். 1982-இல் இழுத்து மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அதே இடத்தில் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள். சங்கமும் பழைய சங்கம்தான். உருப்படாதவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த அவர்கள், சில ஆண்டுகளுக்குள் தரத்துக்குப் பேர்போன கார்களைச் செய்தார்கள்.

முன்பு அங்கே எழுதாத சட்டம் ஒன்று: லைன், அதாவது கார்கள் நகர்ந்தபடியே உருவாகும் வரிசை, நிற்கக் கூடாது. குறையோடு ஒரு கார் கண்ணெதிரே நகர்ந்து போனாலும் விட்டுவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதிய ஆலையில் தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கியது. சந்தேகம் வந்தால் யாரும் இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார், என்ன சிக்கல் என்று கேட்டுக் கைகொடுக்க. உரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும்.

என்னைக் கேட்டால், அந்த ஓடி வருதலில்தான் எல்லாமே இருக்கிறது. இழுத்தவருக்குத் திட்டு விழவில்லை என்று கண்டால் பக்கத்து ஆளும் அடுத்த முறை இழுப்பார். யாருமே இழுக்காவிட்டால் அது வெறும் கயிறு. ஆலை தொழிலாளியை மாற்றியது. அவர் நம்பி இழுத்ததால் ஆலையும் மாறியது. இதையே மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆண்டுகள் திண்டாடியது. கயிற்றை ஒரே நாளில் மாட்டிவிடலாம். கோபப்படாமல் ஓடி வரும் மேற்பார்வையாளர் ஒரே நாளில் உருவாவதில்லை.

இதற்கு நேர்மாறான கதை நாசாவில் நடந்தது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விண்ணோடத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று, பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தின இரவே வாதாடியிருந்தார்கள். ராஜர் போஜொலே அவர்களில் ஒருவர். பொறியியல் பிரிவின் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவரும் மனத்தை மாற்றிக்கொண்டார். 2003-இல் கொலம்பியா விண்ணோடமும் சிதறியது. ஏவும்போது ஒரு நுரைத் துண்டு அதன் இறக்கையில் மோதியிருந்தது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்ட பொறியாளர்களின் குரல் இந்த முறையும் மேலே எட்டவில்லை. இடையில் 17 ஆண்டுகள் போயிருந்தன. அந்த நுரைத் துண்டுக்கு இணையான காரணம் நாசாவின் அமைப்புப் பண்பாடு என்று விசாரணைக் குழு எழுதியது.

தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. தெரிந்தே திருடியவர் திருடர்தான். ஆனால் உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் திருட வருவதில்லை. எதற்குப் பாராட்டு, எதற்கு முகச்சுளிப்பு என்று முதல் சில வாரங்களிலேயே கற்றுக்கொள்கிறார்கள். "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்பவருக்கு "இங்கே இப்படித்தான்" என்று பதில் வருகிறது. இரண்டாம் தடவை கேட்கத் தயங்குகிறார். அடுத்து வருபவருக்கு அதே பதிலை அவரே சொல்கிறார்.

ஆள் எடுப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் தன்னைப் போன்றவர்களையே ஈர்க்கிறது, அவர்களையே தேர்ந்தெடுக்கிறது, ஒட்டாதவர்கள் தாமாகவே போய்விடுகிறார்கள் என்று உளவியலாளர் பெஞ்சமின் ஷ்னைடர் 1987-இல் எழுதினார். "நம்ம டீமுக்கு செட் ஆவாரா?" என்று நீங்கள் கேட்கும்போது நடப்பது இதுதான். வடிகட்டி வடிகட்டி, ஒரே மாதிரி யோசிப்பவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். சந்தை மாறும்போது அதை முதலில் கவனித்துச் சொல்லியிருக்கக்கூடியவர் அதற்குள் வேறு எங்கோ வேலை பார்க்கிறார்.

வேலையை விட்டுப் போகும்போது நீங்கள் நடத்திய எக்ஸிட் இன்டர்வியூவில் அவர் உண்மை பேசியிருக்க மாட்டார். நற்சான்றுக்கு உங்களைத்தானே நம்பியிருந்தார்! ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் எதைக் கண்டு வியந்தார் என்று, அவருக்கு அது பழகிப்போகும் முன் எழுதி வாங்குங்கள். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் கையெழுத்திடும் முன், போன ஆண்டு கெட்ட செய்தியை முதலில் உங்களிடம் கொண்டுவந்தவர் யார், அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கறையுடன்,
பணியில் இருக்கும் ஒருவர்