வீடற்றோரை நள்ளிரவில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. 2011இல் பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் வீடற்றோரை எண்ணினார்கள். நாடு முழுக்கப் பதிவானோர் சுமார் 17.7 லட்சம். அந்த ஓர் இரவில் எண்ணிக்கையில் விடுபட்டவர் அடுத்த கணக்கெடுப்பு வரை விடுபட்டவர்தான்.

சென்னை வால்டாக்ஸ் சாலைக்கு இரவு 8 மணிக்குப் போனால் யாரும் படுத்திருக்க மாட்டார்கள். கடைசி மூட்டை ஏறி, கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் படுக்க அட்டை விரியும். மீன்பாடி வண்டிக்காரர் வண்டியிலேயே படுப்பார். தனியாக இருக்கும் பெண்கள் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள ஆஸ்பத்திரி வாசலைத் தேடுவார்கள். 3 மணிக்கெல்லாம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்புவோர் உண்டு. ஆக, எண்ணக் கிடைப்பது இரவு 11.30 முதல் 3 மணி வரைதான்.

பத்து நாள் முன்பே பகலில் சுற்றி, யார் எங்கே படுக்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். மூவர் குழுவில் ஒருவர் அதே நடைபாதையில் வாழ்பவராக இருக்கட்டும். போர்வைக்குள் இரண்டு குழந்தைகளா மூன்றா என்பது அவருக்குத்தான் தெரியும். டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. காக்கிச் சட்டை போட்ட போலீஸ் உடன் வரவே கூடாது. பிச்சைத் தடுப்புச் சட்டத்தில் பிடித்துப் போவார்கள் என்று பயந்து பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆதாரும் கேட்கக் கூடாது. சாலையின் எந்தப் பக்கம் எந்தக் குழுவுக்கு என்று பிரிக்காவிட்டால் ஒருவரே இருமுறை பதிவாவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாரிமுனையிலிருந்து 25 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தில் அரசு ஒதுக்கிய வீடு கிடைத்த குடும்பங்கள், பூ விற்கவும் வண்டி இழுக்கவும் பழைய நடைபாதைக்கே திரும்புகின்றன. பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகவில்லை. ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் இருப்பதால் அவர்களை விட்டுவிடாதீர்கள். அன்றிரவு எங்கே படுத்தார்களோ அங்கேயே எழுதுங்கள்.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்றது. அதாவது 5,000 சதுர அடி. ஆண், பெண் என்று தனித்தனியாகப் பிரிக்கும் காப்பகத்துக்குக் கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து வர மாட்டார்கள். எனவே எண்ணும்போது தனி ஆள்களையும் குடும்பங்களையும் தெருவாரியாகப் பிரித்து எழுதி, அதை மாநகராட்சிக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் (பழைய குடிசை மாற்று வாரியம்) கொடுங்கள். குடும்பக் காப்பகமும் வாடகை வீடும் அந்தத் தெருக்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அமையட்டும்.

இப்படிக்கு,
நடைபாதைவாழ் மக்களுக்கான களப்பணியாளர்கள்,
சென்னை