இழுத்துச் செல்லப்படும் வண்டிகளுக்கும் தகுதிச் சோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் கேரவன்களுக்கும் டிரெய்லர்களுக்கும் குறித்த காலத்திற்கு ஒருமுறை தகுதிச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வி, பல நாடுகளில் நெடுங்காலமாக எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகிறது. கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும், எதிர்த்தரப்பு சொல்வதில் எதை ஏற்கிறேன், எதை ஏற்கவில்லை என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். சொந்த எஞ்சின் இல்லாமல், படுக்கையும் அடுப்பும் கொண்டு, வேறொரு வண்டியால் இழுக்கப்படுவதையே இங்கே கேரவன் என்கிறேன். எஞ்சினோடு சேர்த்துக் கட்டப்பட்டவை பெரும்பாலும் மற்ற மோட்டார் வாகனங்களோடு சோதனைக்குப் போய்விடுகின்றன. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

ஒரு காரில் பழுது வந்தால் அதை முதலில் உணர்பவர் ஓட்டுநர். பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரத்திலிருந்து ஓசை கேட்கும். இழுவை வண்டியிலோ ஆளே இல்லை. அதன் சக்கரத்தில் பேரிங் சூடேறினாலும், டயரில் காற்று இறங்கினாலும், அந்தச் செய்தி முன்னால் இருப்பவருக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. உரிமையாளரின் கவனத்தை நம்பி விட்டுவிடலாம் என்பவர்கள், கவனிக்க விரும்பும் உரிமையாளருக்கும் பழுது எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் ஓடும் கேரவன்களிலும் நடுத்தர எடையுள்ள டிரெய்லர்களிலும் பெரும்பாலும் இருப்பது தள்ளுவிசையால் இயங்கும் பிரேக். முன்னால் செல்லும் கார் வேகத்தைக் குறைக்கும்போது, பின்னால் வரும் வண்டி தன் வேகத்திலேயே காரை நெருக்குகிறது. அந்த நெருக்கலில் இணைப்புத் தண்டு உள்வாங்கி, ஒரு நெம்புகோலைத் தள்ளி, வண்டியின் அடியில் ஓடும் கம்பியையும் கேபிள்களையும் இழுத்து, சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளை விரியச் செய்கிறது. எளிமையான ஏற்பாடு, நன்றாக வைத்திருந்தால் நம்பகமானதும்கூட. ஆனால் ஒரு கேபிள் துருவேறி இறுகிவிட்டால், ஒரு பக்கச் சக்கரம் பிடித்து மறுபக்கச் சக்கரம் சும்மா சுழலும். கட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் ஓட ஓடச் சூடேறும். காரின் பிரேக்கோ தன் சக்திக்கு மேல் உழைத்து அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. வண்டி நிற்கச் சற்று நேரமாகிறது என்பதற்கு மேல் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதையும் அவர் சுமையின் மேல் பழிபோட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார். உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தி, இடப்பக்கப் பிடிப்பையும் வலப்பக்கப் பிடிப்பையும் தனித்தனியே அளந்து பார்த்தாலொழிய இந்தக் குறை வெளிப்படாது. வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

இன்னொன்று, கழன்றுபோனால் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி. வண்டி காரிலிருந்து பிரிந்தால், இந்தக் கம்பி இறுகி, வண்டியின் கை பிரேக்கை இழுத்துப் பூட்டிவிட்டு அறுந்துபோகும். கம்பி இருக்கிறதா என்று கிளம்பும் முன் எல்லோரும் பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கம்பி செய்யும் வேலை கை பிரேக்கை இழுப்பது மட்டுமே. கை பிரேக் தளர்ந்திருந்தால், கம்பி தன் கடமையைச் சரியாகச் செய்த பிறகும் வண்டி உருண்டுகொண்டுதான் இருக்கும். 50 மில்லிமீட்டர் இணைப்பு உருண்டையும் அதைக் கவ்வும் பூட்டும் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து தேய்கின்றன. தேய்மானத்தைக் காட்டும் குறி பல பூட்டுகளில் உண்டு. அதைப் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரிந்த உரிமையாளர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு ஐயமே.

எதிர்த்தரப்பில் மிகவும் அடிபடும் வாதம், இவ்வண்டிகள் ஆண்டில் சில வாரங்களே சாலைக்கு வருகின்றன, நாள்தோறும் ஓடும் காருக்குரிய சோதனை இவற்றுக்கு எதற்கு என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், உண்மையில் சோதனை வேண்டும் என்பதற்கான வலுவான காரணம். ஓடுவதால் தேய்வது ஒருவகைக் கேடு. ஓடாமல் நிற்பதால் வருவது வேறுவகைக் கேடு. பத்து மாதம் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியின் டயர், முழு எடையையும் ஒரே இடத்தில் தாங்குகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. பேரிங்கில் ஈரம் சேர்ந்து கிரீஸ் கெடுகிறது. விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் பிளக்கின் முனைகளில் பச்சை படிகிறது. இப்படி நின்றிருந்த வண்டிதான், விடுமுறையின் முதல் நாளில், முழுச் சுமையோடு, நெடுஞ்சாலைக்கு நேராக இழுத்துச் செல்லப்படுகிறது.

டயரில் உள்ள சிக்கல் இதில் தனித்துப் பேசத் தக்கது. கார் டயர் தேய்ந்து மாற்றப்படும். கேரவன் டயர் தேயாமலே கிழடாகிவிடும். மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழத்தைப் பார்த்தால் புத்தம் புதிதாகத் தோன்றும் டயர், உள்ளே இழைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிணைப்பை இழந்திருக்கலாம். டயரின் வயது அதன் பக்கச் சுவரிலேயே நான்கு இலக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கிறது: முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், பின் இரண்டு ஆண்டு, 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வயதான டயரின் ஆபத்தைச் சட்டம் அறியாமலும் இல்லை. பிரிட்டனில் 2021 பிப்ரவரி 1 முதல், பத்து ஆண்டைக் கடந்த டயர்களைக் கனரக லாரி, பேருந்து ஆகியவற்றின் முன் அச்சில் பயன்படுத்தத் தடை உள்ளது. ஜெர்மனியில் இழுவை வண்டியோடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சிறப்பு அனுமதி பெற வேண்டுமானால், அந்த இழுவை வண்டியின் டயர்கள் ஆறு ஆண்டுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். நின்றே வயதாகும் வண்டிகளின் டயரை யாராவது ஒருவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் குனிந்து படித்துப் பார்க்க வேண்டாமா?

இவ்வண்டிகள் கழன்றால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கேரவன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 370 கிலோஜூல். அதே வண்டியை 25 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் இதுவே. அதைத் திருப்ப ஸ்டியரிங் இல்லை. ஹாரன் அடித்து எச்சரிக்கவும் உள்ளே ஒருவரும் இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2014ஆம் ஆண்டு, இழுத்துச் சென்ற வண்டியிலிருந்து கழன்ற டிரெய்லர் ஒன்று மோதி மூன்று வயதுக் குழந்தை உயிரிழந்தது. பெற்றோர் தொடர்ந்து நடத்திய இயக்கத்தின் விளைவாக, அந்நாட்டு நாடாளுமன்றம் 2018இல் இயற்றிய டிரெய்லர் பதிவுச் சட்டத்திலேயே, டிரெய்லர் விபத்துகளைப் பற்றி அறிக்கை தர வேண்டும், கட்டாயச் சோதனையை விரிவுபடுத்துவது குறித்து ஆராய வேண்டும் என்ற கடமை அரசின் மேல் சுமத்தப்பட்டது. ஆராய்ந்த பின்னும், 3,500 கிலோவுக்கு மேற்படாத இழுவை வண்டிகளுக்கு அங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமாகவில்லை. அதே நாட்டில், மூன்று ஆண்டைக் கடந்த கார் ஒவ்வோர் ஆண்டும் எம்ஓடி எனப்படும் தகுதிச் சோதனைக்குப் போயாக வேண்டும். போதாக்குறைக்கு, கார் ஓட்டுநர்கள் பெரிய இழுவை வண்டியை இழுப்பதற்குத் தனியே ஓட்டிக் காட்ட வேண்டியிருந்த தேர்வும் 2021 டிசம்பரில் நீக்கப்பட்டது. வண்டிக்கும் சோதனை இல்லை, ஓட்டுபவருக்கும் தனித் தேர்வு இல்லை என்ற நிலையை எந்த அளவுகோலால் நியாயப்படுத்துவது என்று எனக்குப் புரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையும் 3,500 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்கே சோதனையைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே உள்ளவற்றை உறுப்பு நாடுகளின் விருப்பத்திற்கு விட்டது. ஜெர்மனி அந்த விருப்பத்தைச் சரியாகவே பயன்படுத்துகிறது: கேரவன்களும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்கின்றன, அதற்கும் சிறிய பிரேக் இல்லாத டிரெய்லர்கள் புதிதாக வாங்கிய மூன்றாம் ஆண்டிலும் பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் செல்கின்றன. நியூசிலாந்திலும் இலகு டிரெய்லர்கள் தகுதிச் சான்று இன்றிச் சாலைக்கு வர முடியாது. நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு நாடுகளே போதுமான பதில்.

விபத்துகளில் வாகனப் பழுதால் நேர்ந்தவை சிறு பங்கே, பெரும்பாலானவை ஓட்டுநரின் தவறால் நேர்ந்தவை என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. இழுவை வண்டி பாம்பு போல் நெளிந்து காரையே புரட்டிவிடும் விபத்துகளுக்கு முதன்மைக் காரணங்கள், கனமான பொருள்களைப் பின்பகுதியில் ஏற்றுவதும், இணைப்பின் மேல் போதிய எடை விழாமல் விடுவதும், மிகை வேகமும்தான். எந்தச் சோதனை நிலையமும் இவற்றைத் தடுக்க முடியாது. அப்படித் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை. மறுபாதியைப் பார்க்க வேண்டும். சாலையோரத்தில் கவிழ்ந்து கிடக்கும் வண்டியைப் பார்ப்பவர்களுக்கு வேகமும் காற்றும் சுமையும் கண்ணில் படும். டிரம்முக்குள் இறுகிப்போன பிரேக் கட்டை, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். சோதனையே நடக்காத வண்டிகளில் எத்தனை பழுது இருக்கிறது என்பதற்குக் கணக்கு இல்லாதிருப்பதை, பழுதே இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. மேலும், இதே வாதத்தைக் காருக்கும் சொல்லலாம். சொல்லி யாரும் கார் சோதனையை நீக்கிவிடவில்லை.

செலவு பற்றிய மனக்குறையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். கட்டணத்தைவிட, வண்டியைச் சோதனை நிலையத்திற்கு இழுத்துக்கொண்டு போய்வரும் அலைச்சல்தான் பெரிது. ஆனால் எஞ்சின், புகை, ஸ்டியரிங் ஆகிய எதுவும் இல்லாத வண்டியைச் சோதிக்கும் வேலை காரைச் சோதிப்பதைவிடக் குறைவு. கட்டணமும் அதற்கேற்பக் குறைவாக நிர்ணயிக்கப்பட வேண்டும்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. பல நாடுகளில் சிறிய டிரெய்லருக்கென்று பதிவே கிடையாது. எந்தக் கார் இழுக்கிறதோ அந்தக் காரின் எண்ணையே பின்னால் மாட்டிக்கொள்கிறது. பிரிட்டனில் 2019இல் தொடங்கிய டிரெய்லர் பதிவும், வெளிநாடு செல்லும் குறிப்பிட்ட வகைகளுக்கு மட்டுமே கட்டாயம். அடையாளமே இல்லாத வண்டிக்கு எந்தச் சான்றை, யார் பெயரில், எந்த நாளில் காலாவதியாகும்படி வழங்குவது? ஆகவே முதலில் ஒவ்வோர் இழுவை வண்டிக்கும் சேசிஸ் எண்ணோடு கூடிய பதிவு வேண்டும். இந்த அடிப்படை வேலையைச் செய்யாமல் சோதனையை மட்டும் அறிவிக்கும் அரசு, காகிதத்தில்தான் சட்டம் போடுகிறது. பதிவு வந்தால், திருடுபோகும் வண்டிகளைத் தேடவும் எளிதாகும் என்பதால் உரிமையாளர்களே அதை வரவேற்பார்கள் என்று எண்ணுகிறேன்.

கேரவனில் மட்டும் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சமையலுக்கும் சூடேற்றுவதற்கும் பயன்படும் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் வெளியேறத் தரையில் துளைகள் விடப்பட்டிருக்கும். குளிர் வருகிறதென்று அவற்றை அடைத்துவிடுபவர்கள் உண்டு. கசிந்த வாயுவுக்கு அப்புறம் வெளியேற வழியில்லை. அடுப்போ சூடேற்றியோ சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடை உறங்குபவர் உணரவும் முடியாது. எரிவாயுக் குழாய், அழுத்தச் சீராக்கி, காற்றுத் துளைகள் ஆகியவற்றின் சோதனையை, அதற்குரிய பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, வண்டிச் சோதனையோடு ஒரே நாளில் முடித்துத் தர வேண்டும்.

நடைமுறைப்படுத்தும்போது எல்லா வண்டிகளையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. வாடகைக்கு விடப்படும் டிரெய்லர்களிலிருந்து தொடங்கலாம். வெவ்வேறு கார்களோடு வெவ்வேறு கைகள் இணைத்துக் கழற்றுவதால் அதிகம் அடிபடுபவை அவையே, அவற்றுக்கு எடை எதுவாயினும் ஆண்டுச் சோதனை வேண்டும். அடுத்து, கைமாறும் ஒவ்வொரு பழைய வண்டிக்கும் விற்பனையின்போது சான்று கட்டாயமாகட்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கு இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. பிறகு, பிரேக் உள்ள எல்லா வண்டிகளுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஓடிய தூரத்தைக் கணக்கில் கொள்ளாமல், முந்தைய சோதனைக்குப் பின் எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பிரேக் இல்லாத சிறு டிரெய்லர்களுக்கு இணைப்பு, காப்புச் சங்கிலி, டயர், விளக்கு ஆகிய நான்கை மட்டும் பார்க்கும் சுருக்கமான சோதனை போதும். கேரவன் உரிமையாளர்களுக்கு வசதியாக, அந்தந்த ஆண்டின் விடுமுறைக் காலம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னரே சான்றைப் புதுப்பிக்கவும், அப்படிப் புதுப்பித்தாலும் பழைய காலாவதி நாளிலிருந்தே புதிய காலத்தைக் கணக்கிடவும் விதியில் இடம் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்